கால்பந்து கதை சொல்லி ஒற்றுமை கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு: காசுக்குத் தகுமா?

உலகக் கோப்பைச் சம்பவங்களைக் காட்டி, ஒரு டீம் எப்படி உடைகிறது, எப்படிச் சேருகிறது என்று சொல்லித்தரும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை அனுப்பினார்கள். தலைக்கு 4,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்கு முடியும். இடம் கிண்டிப் பக்கம் ஒரு ஓட்டல் ஹால். நடத்துகிற நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. இந்த மாதிரி வகுப்பு விற்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் எச்.ஆர். யாரைக் கூப்பிட்டாலும் கீழே எழுதியிருப்பது உதவும் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் நடந்த பயிற்சிக்குக் கொடுத்த காசு தகும். காலையில் சொன்ன கதைகள் பாதி வெந்தவை. அந்தப் பாதி வெந்ததில் ஒரு கணக்கும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நான் உதிரிபாகம் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உற்பத்திப் பிரிவுக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்கள் ஓட்டிய பீஸை நாங்கள் ரிஜெக்ட் போட்டால், வேண்டுமென்றே போட்டோம் என்பார்கள். நாங்கள் கேட்ட கேஜை, அதாவது அளவு பார்க்கும் கருவியை, அவர்கள் ஷிஃப்ட் முடிகிறவரை தரமாட்டார்கள். இந்தச் சண்டைக்கு மருந்தாகத்தான் இந்த வகுப்பு. எனக்குக் கால்பந்து கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வியாசர்பாடியில் வளர்ந்தவள், எங்கள் பக்கம் பையன்கள் கிரிக்கெட்டுக்கு முன்னால் பந்தை உதைக்கக் கற்றுக்கொள்வார்கள். அதனால் பயிற்சியாளர் முதல் படத்தைத் திரையில் போட்டதுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் ஒரு பஸ், ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருக்கின்றன. 2010 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவில் நைஸ்னா என்ற ஊர், பிரான்ஸ் அணி. கீழே பெரிய எழுத்தில் "ஈகோ" என்று போட்டிருந்தார்கள். கதையை அவர் சொன்ன விதம் இதுதான்: அனெல்கா என்ற ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் கோச்சைத் திட்டினார், வீட்டுக்கு அனுப்பப்பட்டார், மற்றவர்கள் அவருக்காகப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள், அணி அசிங்கப்பட்டுத் திரும்பியது. பாடம்: ஈகோவைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். எல்லோரும் கை தட்டினோம்.

சரி, நடந்தது அவ்வளவுதானா? ஜூன் 17 அன்று மெக்சிகோவோடு ஆட்டம், 2-0 என்று பிரான்ஸ் தோற்றது. இடைவேளையில் கோச் டொமெனெக்கோடு அனெல்காவுக்கு வாய்த்தகராறு. இரண்டு நாள் கழித்து 'லெகிப்' பத்திரிகை அந்த வசவை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அச்சில் வந்த அந்த வார்த்தைகளைத் தான் சொல்லவில்லை என்று அனெல்கா பின்னால் மறுத்தார். உடை மாற்றும் அறைக்குள் நடந்ததை வெளியே சொன்னது யார் என்ற கேள்விதான் ஆட்டக்காரர்களை அரித்தது. "உள்ளே ஒரு துரோகி இருக்கிறான்" என்று கேப்டன் எவ்ரா பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொன்னார். ஜூன் 20 அன்று ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவ்ராவுக்கும் உடற்பயிற்சி கோச்சுக்கும் மைதானத்தில் மோதல். ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் ஏறித் திரையை மூடிக்கொண்டார்கள். அணி நிர்வாகி ஒருவர் அங்கேயே ராஜினாமா என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆட்டக்காரர்கள் எழுதிக் கொடுத்த வேலைநிறுத்த அறிக்கையை பத்திரிகையாளர்களுக்கு வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? டொமெனெக். யாருடைய பயிற்சியைப் புறக்கணித்தார்களோ அவரே ஒலிபரப்பாளர் வேலையும் பார்த்தார்.

இன்னொன்று. டொமெனெக் போனதும் லொராந் பிளாங் கோச்சாக வருவார் என்பது போட்டி தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிளம்பப் போகிற மேனேஜர் சொல்வதை எந்த ஷிஃப்டில் யார் கேட்பார்கள்? எங்கள் தொழிற்சாலையில் நோட்டீஸ் பீரியடில் இருக்கிற மேனேஜர் டீ சொன்னால்கூட வராது. பிரெஞ்சு கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் கடைசியில் பதவி விலகினார். அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை, எவ்ராவுக்கு 5, ரிபெரிக்கு 3, துலாலனுக்கு 1. பிளாங் வந்த முதல் ஆட்டத்துக்கு அந்த 23 பேரில் ஒருவரையும் எடுக்கவில்லை. இவ்வளவையும் "ஈகோ" என்ற ஒரு வார்த்தைக்குள் மடித்துவைத்தால் சம்மேளனம் சுத்தமாகத் தப்பித்துக்கொள்ளும். வகுப்புக்குக் காசு கொடுப்பதும் சம்மேளனம்தான், அதாவது நிர்வாகம். நான் சொன்ன கணக்கு இதுதான்.

அடுத்த படம் ராய் கீன், 2002. அயர்லாந்து கேப்டன். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகும் வழியில் சைபான் தீவில் பயிற்சி முகாம். "டீமைவிட யாரும் பெரியவர் இல்லை" என்று படத்தின் அடியில் போட்டிருந்தது. கீன் கோபக்காரர், கோச் மெக்கார்த்தியிடம் கத்தினார், வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று முடித்துவிட்டார். அங்கே பந்துகளும் பயிற்சிச் சாமான்களும் நேரத்துக்கு வந்து சேரவில்லை, மைதானம் கட்டாந்தரையாக இருந்தது, அதைத்தான் கீன் முதலில் கேட்டார் என்பது எங்கும் இல்லை. கீன் பேசிய முறை மோசம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோச்சை எல்லோர் முன்னாலும் அப்படிக் கிழித்தால் எந்த அணியும் வைத்துக்கொள்ளாது. ஆனால் போட்டி முடிந்ததும் அயர்லாந்து சம்மேளனம் வெளியாட்களை வைத்து ஒரு விசாரணை நடத்தியது. ஜெனிசிஸ் அறிக்கை என்பார்கள். ஏற்பாடுகளில் சம்மேளனமே கோட்டை விட்டது என்று அது எழுதியது, பொதுச் செயலாளர் பதவி விலகினார்.

நான் கையைத் தூக்கி இதைச் சொன்னேன். பயிற்சியாளர் முகம் கோணவில்லை, அது அவருக்குப் பெரிய பிளஸ். "மேடம், நல்ல பாயிண்ட், டீ டைம்ல பேசலாம்" என்றார். டீ நேரத்தில் போனில் இருந்தார்.

காலைப் பகுதியில் இல்லாத ஒரு கதை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கானா, 2014. பிரேசிலுக்குப் போன ஆட்டக்காரர்கள், சொன்ன பணம் கைக்கு வராமல் பயிற்சிக்கு இறங்கமாட்டோம் என்றார்கள். கடைசியில் கானா அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாக விமானத்தில் அனுப்பியது; போலீஸ் பாதுகாப்போடு ஓட்டலுக்கு வந்தது. ஒரு ஆட்டக்காரர் நோட்டுக்கட்டை முத்தமிட்டது உலகம் பூராவும் டிவியில் ஓடியது. போர்ச்சுகலோடு ஆடுகிற அன்றைக்கே முந்தாரியையும் கெவின்-பிரின்ஸ் போவாடெங்கையும் அணியிலிருந்து நீக்கினார்கள், ஒருவர் சம்மேளன ஆளை அடித்ததாக, இன்னொருவர் கோச்சைத் திட்டியதாக. அதுவும் ஈகோதான் என்று ஒரு படம் போடலாம். ஆனால் அந்த ரொக்கத்தைக் காட்டாமல் போட முடியாது. எங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த உற்பத்திப் பிரிவு ஆட்கள் ஓவர்டைம் பாக்கியைப் பற்றித்தான் அன்று முழுக்கக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை சொல்லியிருந்தால் கை தட்டல் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வத்தக்குழம்பு பிரமாதம், பிரியாணி சுமார்.

அப்புறம்தான் வகுப்பு சூடு பிடித்தது. முதலில் ஒரு சின்ன வீடியோ. 2006, பெர்லின், ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் காலிறுதி, 1-1, பெனால்டிக்குப் போகிறது. கோல்கீப்பர் லேமன் தயாராகிக்கொண்டிருக்கிறார். பெஞ்சிலிருந்து ஆலிவர் கான் எழுந்து வந்து குனிந்து அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று கால்பந்து தெரியாதவர்கள் கேட்பார்கள். 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது கானுக்குப் போனது. ஒரு கோல்கீப்பருக்கு அந்த விருது அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கிளின்ஸ்மன் 2004ல் கோச்சாக வந்ததும் கேப்டன் பட்டையை பல்லாக்கிடம் கொடுத்தார். கோல்கீப்பர் இடத்துக்கு இருவரும் போட்டி என்று அப்போதே அறிவித்து, மாற்றி மாற்றி ஆடவைத்தார். 2006 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, இடம் லேமனுக்கு என்று சொல்லிவிட்டார். கானுக்கும் லேமனுக்கும் பல வருடப் பகை, பேட்டிகளில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கான் பெஞ்சில் உட்காரச் சம்மதித்து அணியோடு வந்தார், அந்தக் கையைக் கொடுத்தார். லேமன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கோலைக் காத்தது கான்.

ஈகோ எங்கேயும் போகவில்லை, அந்த இரண்டு பேரிடமும் மலை மாதிரி அப்படியேதான் இருந்தது. கானிடம் முன்கூட்டியே, நேராக, முடிவெடுக்கிற ஆளே சொன்னார் என்பதுதான் விஷயம். காலையில் "ஈகோவை வாசலில் விடுங்கள்" என்ற அதே பயிற்சியாளர் மதியம் இதைச் சொன்னபோது, காலைப் படங்களை வேறு யாரோ தயார் செய்து கொடுத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது.

வீடியோ முடிந்ததும் பயிற்சி. பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மேனேஜர். அவர் பதினொரு பேரை எடுக்கவேண்டும். ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் எல்லோர் முன்னிலையிலும் போய், ஏன் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். "சாரி" என்ற வார்த்தை கூடாது.

எங்கள் குழுவுக்கு மேனேஜர் உற்பத்திப் பிரிவு ஷிஃப்ட் இன்சார்ஜ். ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான் இருக்கும். சிஎன்சி மெஷின் ஓட்டும் பையனிடம் போனார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. எல்லாருமே நல்லாத்தான் ஆடுறீங்க."

"அப்புறம் ஏன்ணே என்னை எடுக்கலை?"

இன்சார்ஜ் கொஞ்சம் யோசித்தார். "மேல இருந்து சொல்லிட்டாங்கப்பா."

ஹால் அதிர்ந்தது. பயிற்சியாளர் சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்துவிட்டு, "சார், மேல யாருமில்லை. மேனேஜர் நீங்கதான். திரும்பச் சொல்லுங்க" என்றார். இரண்டாவது தடவை அவர் சொன்னது: "உன் வேகம் எனக்குக் கடைசி அரை மணி நேரத்துலதான் வேணும். அதுவரைக்கும் வெளிய உட்காரு. எப்ப எறக்குவேன்னு இப்பவே சொல்லிட்டேன், பாத்துக்க." பையன் தலையாட்டினான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதே மனிதர் என்னிடம் வந்து, தன் பட்டியலில் நான் ஏன் இல்லை என்று சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. "மேடம், நீங்க எங்க ஆளுங்களைத் திட்டுறப்ப பேரைச் சொல்லித் திட்டுறீங்க. பாராட்டுறப்ப டீம்னு சொல்லிடுறீங்க." பதில் சொல்ல வரவில்லை எனக்கு. கொடுத்த 4,500ல் பெரும்பகுதி இந்த ஒரு மணி நேரத்துக்கே சரியாகப் போய்விட்டது என்பேன்.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 2014 காலிறுதியில், கோஸ்டாரிகாவோடு, பெனால்டிக்குச் சற்று முன்னால் நெதர்லாந்து கோச் வான் கால் கோல்கீப்பர் சிலெஸனை வெளியே எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். சிலெஸனுக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. வெளியே வந்து தண்ணீர் பாட்டிலை உதைத்தார். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து ஜெயித்தது. ஆக, சொல்லாமல் செய்வதும் ஒரு நாள் பலிக்கலாம். நான் இதைச் சொன்னபோது பயிற்சியாளர் "ஒரு நாள்" என்று அழுத்திச் சொன்னார். அரையிறுதியில் அதே நெதர்லாந்து, அதே சிலெஸனோடு, பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது என்றார். அப்போது குருலை இறக்க மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை தீர்ந்துபோயிருந்தது, அது வேறு சமாச்சாரம். ஆனாலும் இந்த மனிதருக்கு ஆட்டம் தெரியும் என்பது அப்போது உறுதியானது. அப்படியானால் காலையில் சொன்னது தெரியாமல் சொன்னதில்லை, வாடிக்கையாளர் முகம் பார்த்துச் சொன்னது.

2022 உலகக் கோப்பை பற்றி இரண்டு படங்கள். ஒன்று போர்ச்சுகல்: ரொனால்டோவை பெஞ்சில் உட்காரவைத்தார் கோச் சான்டோஸ், அவர் இடத்தில் ஆடிய கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் போட்டார், சுவிட்சர்லாந்து 6-1 என்று காலி. படம் அங்கேயே நின்றுவிடுகிறது. நாலு நாள் கழித்து அதே ராமோஸ், அதே பெஞ்சில் ரொனால்டோ, மொராக்கோவிடம் 1-0 தோல்வி. அடுத்த வாரத்துக்குள் சான்டோஸ் வேலையும் போனது. நட்சத்திரத்தை வெளியே வைத்தால் ஆறு கோல் விழும் என்று நம்பி எந்த சூப்பர்வைசராவது தன் நல்ல வெல்டரை ஓரங்கட்டிவிடக் கூடாது.

இன்னொன்று அர்ஜென்டினா. மெஸ்ஸியைச் சுற்றி எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் படம், "குடும்பம்" என்ற தலைப்பு. எனக்கு இதில்தான் அதிக ஏமாற்றம், ஏனென்றால் மதியப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றார்கள். அதற்குப் பின் கோச் ஸ்கலோனி அணியைப் பிரித்துப் போட்டார். லௌதாரோ மார்டினெஸ் இடம் ஹூலியான் அல்வாரெஸுக்குப் போனது, பரேதெஸ் இடம் என்சோ ஃபெர்னாண்டெஸுக்கு. இருவரும் அதற்கு முந்தைய வருடம் தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்கா ஜெயித்த அணியின் தூண்கள். இளைஞர்கள் வந்து இடத்தைப் பிடித்தார்கள், இவர்கள் உட்கார்ந்தார்கள். நெதர்லாந்தோடு காலிறுதி பெனால்டியில் என்சோ தவறவிட்டார். முன்னதாகப் பரேதெஸ் போட்டிருந்தார், கடைசி வெற்றிப் பந்தை உதைத்தது லௌதாரோ. பிரான்ஸோடு இறுதி ஆட்டத்தின் பெனால்டியிலும் பரேதெஸ் போட்டார். போட்டி முழுக்க அதிகம் ஆடாத டிபாலாவைக் கடைசி நிமிடத்தில் பெனால்டிக்காகவே இறக்கினார்கள், அவரும் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் புழுங்கிப் போய் உட்கார்ந்திருந்தால் இந்தப் பந்துகளை யார் உதைத்திருப்பார்கள்? கட்டிப்பிடிக்கிற படத்துக்குப் பதிலாக அந்தப் பெனால்டிகளை வரிசையாகப் போட்டிருந்தால் போதும், பேசவே வேண்டியதில்லை.

பெல்ஜியத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. 2023 ஜூனில் ஆஸ்திரியாவோடு ஆட்டத்துக்கு கேப்டன் பட்டை லுகாகுவுக்குப் போனது. அடுத்த ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பர் கோர்ட்வா முகாமிலிருந்து கிளம்பிவிட்டார். பட்டைதான் காரணம் என்று கோச் டெடெஸ்கோ வெளியே பேச, முழங்கால்தான் காரணம் என்று கோர்ட்வா சொல்ல, கடைசியில் டெடெஸ்கோ இருக்கிறவரை அவர் திரும்பவில்லை. 2025ல் கோச் மாறினார், கோர்ட்வா வந்தார். இடையில் அந்த இடத்தை நிரப்பிய காஸ்டீல்ஸ் மனம் நொந்து விலகிக்கொண்டார். ஒருவரைச் சமாதானப்படுத்தினால் இன்னொருவர் போகிறார். எங்கள் பிரிவில் வருடாவருடம் நடப்பது இதுதான், இதற்கு வகுப்பில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

மற்ற விஷயங்கள். கையேடு பளபளப்பாக இருக்கிறது, உள்ளே பாதிப் பக்கம் காலி கோடுகள். எழுதச் சொல்வது எல்லாம் "என் டீமின் பதினொரு பேர்". பெஞ்சுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. 2018ல் ஒரு நிமிடம்கூட ஆடாமல் பிரான்ஸ் அணியோடு கோப்பை தூக்கிய ஆதில் ராமியை இவர்கள் எங்கே எழுதுவார்கள் என்று தெரியவில்லை. பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷில். ஆபரேட்டர்கள் வருகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தும் தமிழுக்கு மாறியது மதியம்தான். மாறியதும்தான் அவர்கள் வாயே திறந்தார்கள். சான்றிதழில் என் பெயருக்கு ஒரு எழுத்து குறைவு. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு நிலவரம் கேட்போம் என்றார்கள், யாரும் கூப்பிடவில்லை.

எடுக்கலாமா என்றால்: அரைநாளாகக் கேளுங்கள். மதியப் பகுதி மட்டும், முழுக்கத் தமிழில், விலையைப் பாதியாகப் பேசி வாங்குங்கள், எங்கள் எச்.ஆர். அடுத்த பேட்சுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறார், அவர்களும் யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள். பட்டியல் போடும் பயிற்சியில் உங்கள் ஆலை மேலாளரையும் ஒரு குழுவுக்கு மேனேஜராக உட்காரவையுங்கள். எங்கள் ஆள் காலையில் தொடக்க உரை ஆற்றிவிட்டு மீட்டிங் என்று கிளம்பிவிட்டார். காருக்கு இடம் இல்லை, மெட்ரோவில் போவது உத்தமம்.